டிரம் மெஷினும் எட்கர் ஆலன் போவும்

அண்ணா வணக்கம்,

ஃப்ரெண்ட் ஒருத்தன் மிலேன் ஃபார்மேர்ங்கற ஃப்ரெஞ்ச் பாடகியோட 'ஆலன்'னு ஒரு பாட்டை அனுப்பி, இது எட்கர் ஆலன் போவைப் பத்தின பாட்டு, கேளுன்னான். எனக்கு போ கதைகள்னா உசுரு. ஆனா கேட்டா எண்பதுகள்ல வந்த சிந்த்-பாப், முழுக்க கீபோர்டு, டிரம் மெஷின், டான்ஸ் ஆடலாம் போல இருக்கு. கோபமே வந்துடுச்சு. பெரிய எழுத்தாளர் பேரை ஒட்ட வெச்சு அறிவாளி மாதிரி காட்டிக்கறது தானே இது? இதுல இலக்கியம் எங்க இருக்கு? அப்புறம் இதுக்கு ஸ்டுடியோ வெர்ஷன், லைவ் வெர்ஷன்னு ரெண்டு இருக்காம், நான் கேட்டது எதுன்னு கூட தெரியல.

உங்கள் வாசகன், மதுரை

தம்பி,

கோபம் புரியுது, ஆனா போவே இதைக் கேட்டிருந்தா கோச்சுக்கிட்டிருப்பாரான்னு யோசிச்சா எனக்கு அப்படி தோணல. 1845ல அவரோட 'ராவென்' (அண்டங்காக்கை) கவிதை வந்து பிச்சுக்கிட்டு போச்சு, அடுத்த வருஷமே அதை எப்படி எழுதினேன்னு ஒரு கட்டுரை போட்டாரு, படிச்சிருக்கீங்களா? படிச்சா ஆடிப்போயிடுவீங்க. ஒரே மூச்சுல படிச்சு முடிக்கற நீளம் இருக்கணும், அதுக்கு சுமார் நூறு வரி போதும்னு முதல்ல முடிவு பண்றாரு (கடைசியில 108 வந்துச்சு), படிக்கறவன் மனசுல என்ன எஃபெக்ட் வரணும்னு முடிவு பண்றாரு, சோகம்தான் சரியான டோன்ங்கறாரு, திரும்பத் திரும்ப வர்ற ஒரு பல்லவி வேணும், அது ஒத்தை வார்த்தையா இருக்கணும், அந்த வார்த்தையில எந்த எழுத்தோட ஓசை நீண்டு ஒலிக்கணும்னு வரைக்கும் கணக்கு போட்டுட்டு, அதுக்கப்புறம்தான் செத்துப்போன அழகான பொண்ணுங்கற விஷயத்துக்கே வர்றாரு. அவர் நிஜமாவே அப்படித்தான் எழுதினாரா, இல்ல எழுதி முடிச்சுட்டு கதை விட்டாரான்னு பலருக்கு சந்தேகம் உண்டு, எனக்கும் உண்டு. ஆனா அவர் சொல்ற ரெசிபி இருக்கே, நீளம், மூடு, காதுல ஒட்டிக்கற ஹூக், ரிப்பீட், இது அப்படியே ஒரு பாப் சிங்கிள் (தனியா வெளியிடற பாட்டு) பண்ற ஆள் பேசற பேச்சு. அதனால போவை சிந்த்-பாப்ல கொண்டு வந்தது அவரைக் கீழ இறக்கறதுன்னு நான் நினைக்கல, அவர் பட்டறைக்கே கூட்டிட்டு போன மாதிரிதான்.

இன்னொண்ணு, ஃப்ரான்ஸ்ல போ வெளியாளே கிடையாது. அமெரிக்காவுல அவரைப் பாதிப்பேர் குடிகாரன்னு ஒதுக்கிட்டு இருந்த காலத்துல ஃப்ரெஞ்ச் கவிஞர் பொதலேர் 1848லயே அவரை ஃப்ரெஞ்சுக்கு கொண்டு வர ஆரம்பிச்சுட்டாரு, 1856ல ஒரு முழு கதைத் தொகுப்பு, அப்புறம் நான் மேல சொன்ன கட்டுரை கூட அவர் கையாலதான் ஃப்ரெஞ்சுக்கு போச்சு. 1875ல இன்னொரு கவிஞர் மல்லார்மே 'ராவெ'னை மொழிபெயர்த்தாரு, படம் போட்டது ஓவியர் மனே! இசையமைப்பாளர் தெபுஸ்ஸி போவோட 'அஷர் வீட்டு' கதையை ஆபரா (பாட்டு நாடகம்) ஆக்கறேன்னு வருஷக்கணக்கா மல்லுக்கட்டி முடிக்காமலேயே 1918ல போய்ச் சேர்ந்தாரு. இந்த வரிசையில 1988ல ஒரு பாப் பாடகி வந்து நிக்கறாங்க, அவ்வளவுதான், நடுவுல பாதை எங்கயும் அறுபடல.

'ஆலன்' இருக்கற அந்த 1988 ஆல்பத்தோட பேர் 'ஐன்ஸி ஸ்வா ஜ'. பாட்டு வரிகள் பெரும்பாலும் ஃபார்மேர், இசை லொரான் பூத்தோனா. அதைப் போட்டதும் முதல்ல வர்ற பாட்டே பொதலேர்தான்! 'லொர்லோஜ்', அதாவது கடிகாரம், 1861ல வந்த அவரோட 'தீமையின் மலர்கள்' தொகுப்பு ரெண்டாம் பதிப்புல சேர்ந்த கவிதை. அதுல விநாடி ஒரு மணி நேரத்துக்கு 3600 தடவை 'ஞாபகம் வெச்சுக்கோ'ன்னு காதுக்குள்ள கிசுகிசுக்குது. இப்ப சொல்லுங்க, இந்தக் கவிதைக்கு வயலின் பொருத்தமா, நிக்காம தட்டற மெஷின் பொருத்தமா? மனுஷன் வாசிச்சா கொஞ்சம் தயங்குவான், இழுப்பான், மெஷினுக்கு அந்த இரக்கமே கிடையாது. கவிதைக்கு இசை போடறேன்னு பலபேர் பண்றது எனக்கு ஆகாது, கோயில்ல நிக்கற மாதிரி விறைச்சுக்கிட்டு பாடுவாங்க. இது தப்பிச்சதுக்கு அந்தத் தாளம்தான் காரணம்.

'ஆலன்' வேற மாதிரி. அது கவிதையை எடுத்துப் பாடல, கதையும் சொல்லல. போவோட 'லிஜியா' கதை (1838) ஞாபகம் இருக்கும் உங்களுக்கு, கருங்கூந்தல் லிஜியா செத்துப் போறா, அவ புருஷன் ரொவீனாங்கறவளைக் கட்டறான், அவளும் போறா, அந்தப் பிணம் ராத்திரி முழுக்க உசுரு வர்றதும் போறதுமா கிடந்து கடைசியில எழுந்து நின்னா அது லிஜியா. கதையில இதை நமக்குச் சொல்றது புருஷன்காரன், அதுவும் அபின் போட்டவன், எவ்வளவு நம்பறதுன்னே தெரியாது. பாட்டுல பாடறவ என்ன சொல்றான்னா லிஜியா எனக்குள்ள திரும்பப் பிறக்கறாங்கறா! அதாவது பேசற இடத்தையே மாத்தியாச்சு, இதுவரைக்கும் கட்டில்ல கிடந்த பொண்ணு வாயைத் திறந்து, தன்னை எழுதின ஆளையே பேர் சொல்லி கூப்பிடறா. பேரை ஒட்ட வெச்சதுன்னு நீங்க எழுதினீங்களே, இது அப்படி இல்ல, கதையை ஒழுங்கா படிச்ச ஆள் பண்ற வேலை. குறைன்னா ஒண்ணு உண்டு, 'லிஜியா' படிக்காதவங்களுக்கு அது வெறும் அழகான ஒரு பேராத்தான் காதுல விழும், பாட்டு அவங்களுக்கு ஒரு கை கூட கொடுக்கல.

கூப்பிடறது 'ஆலன்'னு தானே, அதுல ஒரு குறும்பு இருக்கு, அது போவை எடுத்து வளர்த்த ஜான் ஆலனோட பேர், ரிச்மண்ட் வியாபாரி, சட்டப்படி தத்து எடுக்கவே இல்ல, கடைசியில ரெண்டு பேருக்கும் ஒத்தும் போகல. ஃபார்மேர் இதை யோசிச்சுதான் வெச்சாங்களோ இல்ல ராகத்துக்கு உட்கார்ந்துச்சுன்னு வெச்சாங்களோ.

ரெண்டு வெர்ஷன் விஷயம். ஆல்பத்துல இருக்கறது ஸ்டுடியோ, சிங்கிளா வந்தது 1989 டூர்ல பதிவு பண்ண லைவ், அந்த வருஷக் கடைசியில வந்துச்சு. கூட்டத்தோட சத்தம் கேட்டுதுன்னா நீங்க கேட்டது லைவ்தான். முதல்ல ஸ்டுடியோவைக் கேளுங்க, ராத்திரி, ஹெட்போன்ல, 'லிஜியா'வை ஒரு தடவை திரும்பப் படிச்சுட்டு. லைவுல கூட்டத்தோட ஆரவாரம் பாட்டோட குளிரைக் கலைச்சுடுது, தனியா ஆடியோவா கேட்டா எனக்கு பாதிதான் ஏறுது. ஆனா அந்த டூர்ல மேடையையே ஒரு சுடுகாடு மாதிரி போட்டிருந்தாங்க, கல்லறை, இரும்பு கேட்டு எல்லாம் வெச்சு, அதை பூத்தோனாவே படமாவும் எடுத்திருக்காரு, அதனால லைவை வீடியோவோட பாருங்க.