மெத்தை இருக்குல்ல, விழுந்தா என்ன? – வாசகர் கேள்வி பதில்

அண்ணா வணக்கம். என்ர மகனுக்கு 12 வயசு. ஞாயிறுகளில பௌல்டரிங் ஜிம்முக்கு, அதுதான் கட்டி வச்ச உயரம் குறைஞ்ச சுவரில ஏறிப் பழகிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போறம். கயிறும் இல்ல ஒண்டும் இல்ல, கீழ மெத்தை மட்டும்தான். நான் ஒருக்கா அதில ஏறி நிண்டு பாத்தன், கல்லு மாதிரி இறுக்கமா இருக்கு. இதில விழுந்தா பிள்ளைக்கு ஒண்டும் ஆகாதோ?
– வாசகி, ஹாரோ, லண்டன்

தங்கச்சி, நல்ல வேளை அது இறுக்கமா இருக்கு. காலை வச்சதும் புசுபுசுன்னு உள்ள போயிருந்தாதான் நான் பயந்திருப்பேன். அந்த மெத்தை பொதுவா ரெண்டு அடுக்கு. மேல இருக்கறது கெட்டியான ஃபோம், காத்துப் புகாத சின்னச் சின்ன அறைகளா இருக்கும், குதிகால் அடிக்கிற அடியை ஒரே இடத்துல வாங்காம அகலமா பரப்பி விடுறது அதோட வேலை. அடியில இருக்கறது மெத்துனு தடிமனான ஃபோம், அதுதான் அமுங்கி காத்தை வெளிய விட்டு வேகத்தை உறிஞ்சுறது. மேல் அடுக்கு இல்லாம வெறும் மெத்து மட்டும் இருந்துச்சுன்னா கால் புதைஞ்சு நின்னுடும், உடம்பு மட்டும் சாயும், கணுக்கால் மடங்கிடும். பௌல்டரிங்ல கணுக்கால் அடி ரொம்பவே சகஜம்.

கொஞ்சம் கணக்கும் பாத்துடுவோம். 3 மீட்டர்ல இருந்து விழுந்தா கால் தரையைத் தொடுறப்போ வேகம் மணிக்கு 27, 28 கிலோமீட்டர் இருக்கும். அதை 5 செ.மீ.ல நிறுத்தினா உடம்பு வாங்குற விசை சராசரியா புவியீர்ப்பு மாதிரி 60 மடங்கு, 20 செ.மீ. அமுங்கி நிறுத்தினா 15 மடங்கு. அதனாலதான் ஜிம்காரங்க பெரும்பாலும் 30 செ.மீ. கிட்ட தடிமனா போடுறாங்க, முழுசா அமுங்கி அடித்தரையில இடிக்காம இருக்கணும்ல. சர்வதேசப் போட்டி விதியும், ஏறுறவங்க உடம்போட கீழ்ப்பகுதி மெத்தையில இருந்து 3 மீட்டருக்கு மேல போகாத மாதிரிதான் பாதையை அமைக்கச் சொல்லுது. டோக்கியோ ஒலிம்பிக்ல சுவரே 4.5 மீட்டர்தான்.

ஆனா தடிமனை விட நான் முதல்ல பாக்கறது இணைப்பைத்தான். ரெண்டு மெத்தைக்கு நடுவுல விரல் நுழையுற இடைவெளி இருந்தாக்கூட விழுற வேகத்துல பாதம் அதைப் பிளந்துக்கிட்டு உள்ள போயிடும். மேல ஒரே துணியா முழுசும் மூடியிருக்கா, இல்ல இணைப்பு மேல வெல்க்ரோ பட்டை ஒட்டியிருக்கா, பட்டை கிளம்பிக்கிட்டு நிக்குதான்னு பாருங்க. அப்புறம் எல்லாரும் விழுற இடம், அதாவது சாய்வுச் சுவருக்கு அடியில, நடந்து பாருங்க, மத்த இடத்தை விட அங்க பள்ளமா தளர்வா இருந்தா ஃபோம் செத்துப் போச்சுன்னு அர்த்தம், கவுன்ட்டர்ல கேக்கத் தயங்காதீங்க. மெத்தை சுவரை விட்டு எவ்வளவு தூரம் வெளிய வருதுங்கறதும் முக்கியம், சுவர் நீட்டிக்கிட்டு இருக்கிற முனையில இருந்து ரெண்டு, ரெண்டரை மீட்டராவது வேணும்.

தம்பிக்கு விழவும் சொல்லிக் குடுக்கச் சொல்லுங்க. ரெண்டு காலும் சேந்து இறங்கணும், முட்டி மடங்கணும், அப்படியே பின்னாடி உருளணும், கை நெஞ்சோட இருக்கணும், தாடை நெஞ்சுப் பக்கம் இறங்கியிருக்கணும். கையைப் பின்னால ஊணுனா முழங்கையோ மணிக்கட்டோ போயிடும். இன்னொரு பையன் ஏறிக்கிட்டு இருக்கறப்போ கீழ உக்காந்து போன் பாக்கறது, தண்ணி பாட்டிலை மெத்தை மேல போட்டு வைக்கறது, இதெல்லாம் கூடவே கூடாது.

சார், நாங்க ஆபீஸ் டீமா போனோம். உச்சிக்குப் போய் குதிச்சோம், செம ஜாலி. இவ்வளவு தடி மெத்தை போட்டுட்டு அப்புறம் எதுக்கு சார் "குதிக்காதீங்க"ன்னு போர்டு வைக்கிறாங்க, கையெழுத்து வாங்குறாங்க?
– வாசகர், பெங்களூரு

இதே கேள்வி இங்கிலாந்துல கோர்ட் வரைக்கும் போயிருக்குப்பா. போர்ட்ஸ்மத்ல 2002ல ஒருத்தர், ஒரு சுவர்ல இருந்து எதிர்ப்பக்கம் தாவிப் பிடிக்கப் பாத்து, பிடி நிக்காம தலைகுப்புற மெத்தையில விழுந்தார். மெத்தை தடிமனாதான் இருந்துச்சு, ஆனாலும் வாழ்நாளுக்கும் கை கால் செயலிழந்து போச்சு. தடி மெத்தை முழுப் பாதுகாப்பு இல்லைன்னு அந்த இடத்துக்காரங்க எச்சரிக்கலைன்னு சொல்லி கீழ்க்கோர்ட் அவங்க மேல 25 சதவீதம் பொறுப்பு வச்சது. 2008ல அப்பீல் கோர்ட் அதையும் தள்ளிடுச்சு, தாவினா விழுவோம், விழுந்தா அடி படலாம்ங்கறது பெரிய ஆளுக்குத் தெரிஞ்சதுதானேன்னு. 2012ல இன்னொரு தீர்ப்பு, அது அப்படியே உங்க கதைதான், கம்பெனி டீமா போன இடத்துல ஒரு பெண் பௌல்டரிங் சுவர்ல இருந்து குதிச்சு கணுக்கால் உடைஞ்சது. குதிக்காதீங்க, இறங்கி வாங்கன்னு தெளிவா சொல்லலைன்னு அந்த சென்டர் மேல மூணுல ரெண்டு பங்கு, அந்தப் பெண் மேல ஒரு பங்கு. உங்க ஜிம்ல போர்டு வச்சிருக்காங்கன்னா இதெல்லாம் படிச்சவங்களா இருப்பாங்க போல.

என் கருத்து என்னன்னா, மெத்தை காலுக்குப் போட்டது, கழுத்துக்கு இல்ல. எந்த ஃபோமும் தலைகீழா வர்ற ஆளைக் காப்பாத்தும்னு நம்ப முடியாது. பிடி இருக்கற வரைக்கும் பாதி தூரமாவது இறங்கி வந்துட்டு விடுங்க.

அண்ணே, வீட்டு ஷெட்ல ப்ளைவுட் வச்சு மூணு மீட்டர் சுவர் கட்டிட்டேன். கீழ பழைய இலவம்பஞ்சு மெத்தை ரெண்டு, அது மேல குழந்தைங்க விளையாடுற, ஒண்ணோட ஒண்ணு கோக்குற பசில் மேட். போதுமா?
– வாசகர், கோயம்புத்தூர்

போதாது தம்பி. இலவம்பஞ்சு கட்டி கட்டியா ஒதுங்கிடும், நீங்க விழுற இடத்துல துணி மட்டும்தான் இருக்கும், பசில் மேட் ரெண்டு செ.மீ. கூட இருக்காது, அதுக்குக் கீழ சிமெண்ட். பாறை ஏறுறவங்க விழுறதுக்குன்னு தூக்கிட்டுப் போற மெத்தை, கிராஷ் பேட்னு பேரு, ரெண்டு மூணு வாங்கி நெருக்கிப் போட்டு இணைப்பு மேல ஒரு மெல்லிசான பேடை விரிங்க, ஏறுற பாதை மாறுறப்போ பேடையும் நகர்த்துங்க. அதை வாங்குற வரைக்கும் ஒரு மீட்டர் உயரத்துலயே பக்கவாட்டுல போய்ட்டு வாங்க, விரலுக்கும் தோளுக்கும் அதுவே நல்ல வேலை. ஷெட்ல நிக்கிற பைக்கை முதல்ல வெளிய எடுங்க.

கயித்துல ஏறுற உயரமான சுவருக்கு மட்டும் மெல்லிசா மெத்தை போடுறாங்களே, உயரம் கூடக் கூட தடிமன்தானே கூடணும்?
– வாசகி, திருச்சி

அங்க ஆளை நிறுத்துறது கயிறும்மா. முதல் ரெண்டு மூணு மீட்டர்ல கயிறு நீளுறதுல கால் தரையைத் தட்டலாம், அதுக்குத்தான் அந்த மெத்தை. பத்து மீட்டர்ல இருந்து கயிறு இல்லாம வந்தா தடி மெத்தை போட்டும் புண்ணியம் இல்ல. ஆட்டோ பிலே, அதாவது கயித்தைத் தானாவே இழுத்துப் பிடிச்சு ஆளை மெதுவா இறக்குற மெஷின் இருக்கற இடங்கள்ல, அதோட கொக்கியை மாட்டாமலே ஏறிட்டு உச்சியில கையை விட்டவங்க இருக்காங்க, அதனாலதான் சுவரோட அடியில குறுக்கால பெரிய துணித் தடுப்பு கட்டுறாங்க, கொக்கியை இடுப்புல மாட்டினாத்தான் வழி விடும். உங்க ஜிம்ல அந்தத் தடுப்பு இருக்கான்னு பாத்துட்டு எழுதுங்க.