லொறி எங்கே போகிறது? (கடிதம்)

அண்ணா,

திருகோணமலை உப்புவெளியிலிருந்து எழுதுகிறேன். பெல்ஜியத்திலுள்ள மகன், பாணுக்குள் புகையூட்டிய குதிரை இறைச்சி வைத்துச் சாப்பிட்டதாகப் போனில் சொன்னான். எனக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை. மனிதனை நம்பி வந்த சீவனல்லவா? மாட்டறுப்போடு சேர்த்து இதையும் தடை செய்தாலென்ன? அவன் செய்தது பாவமா?

ச.

அன்புள்ள தங்கச்சி,

சோறு இறங்காதது உங்கள் நல்ல மனம். 'நம்பி வந்த சீவன்' கதையை விடுங்கள். ஆடும் கோழியும் நம்பாமலா முற்றத்தில் நிற்கின்றன? கோட்டைக்குள் மானுக்குப் பொலித்தீனோடு பழம் வீசிவிட்டுக் கோணேசரைக் கும்பிடப் போகும் சனம் நாங்கள்.

'தடை' என்றீர்களே, அதுதான் கோபம். அமெரிக்காவின் கடைசிக் குதிரை அறுப்புமடங்கள் 2007இல் மூடப்பட்டன. 2010இல் ஏறத்தாழ 138,000 குதிரைகள் கனடாவுக்கும் மெக்சிகோவுக்கும் அறுப்புக்குப் போயின. மூடுமுன் உள்ளூரிலும் எல்லைக்கு அப்பாலும் சேர்த்து அறுபட்ட தொகையும் கிட்டத்தட்ட அதுவே. தீனி தண்ணியில்லாமல் 28 மணித்தியாலம் வரை ஓட்ட அங்கே விதி இடம் கொடுக்கிறது. பழக்கமில்லாத குதிரைகள் லொறிக்குள் கடித்து உதைக்கும். நெரிசலில் விழுந்தது எழும்பாது.

கொல்வதும் லேசில்லை. ஒவ்வொரு கண்ணிலிருந்தும் எதிர்க்காதின் அடிக்குக் கோடிழுங்கள். இரண்டும் வெட்டுமிடத்துக்குச் சற்று மேலேதான் ஆணி பாய்ச்சும் துப்பாக்கியை அழுத்தி வைக்க வேண்டும். கீழே இறங்கினால் ஆணி மூளையை விட்டு மூக்கறைக்குள் போகும். குதிரைக்குக் கழுத்து நீளம், பயந்தால் தலையை உதறும். மாட்டுக்குச் செய்த பெட்டிக்குள் நிறுத்தினால் குறி பிசகும். ஈரத் தோட்டாவும் கரி படிந்த குழலும் அடியை மெலிவாக்கும், அதனால் இரண்டாவது துப்பாக்கி பக்கத்திலேயே தயாராக இருக்க வேண்டும். விழுந்ததும் மூச்சு நின்றதா, கண்ணைத் தொட்டால் இமை அசைகிறதா என்று பார்த்துவிட்டு, உடனே இரத்தம் வடிய விட வேண்டும். எல்லை தாண்டிய குதிரைக்கு இதையெல்லாம் தடை போட்டவர் போய்ப் பார்ப்பாரா?

இங்கே இலங்கையிலும் 2020இல் மாட்டறுப்புத் தடைக்கு அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தபோது, தின்பவர்களுக்கு இறைச்சியை இறக்குமதி செய்யலாம் என்றார்கள். உறைந்து வந்தால் அது மாடில்லையா? விசர்க் கதை.

மகனிடம் பாவக்கணக்குக் கேட்க வேண்டாம். குதிரையின் நொண்டலுக்குக் கொடுக்கும் பினைல்பியூட்டசோன் என்ற மருந்து, மனிதருக்கு அரிதாக எலும்பு மச்சையில் இரத்தம் ஊறாமல் செய்துவிடும். அது கொடுத்த குதிரையை ஐரோப்பாவில் உணவுக்கு அறுக்கக்கூடாது. அதன் கடவுச்சீட்டில், அதாவது குதிரையின் அடையாளப் புத்தகத்தில், அப்படிக் குறிக்க வேண்டும். மாட்டிறைச்சி என்று குதிரையை விற்ற மோசடி 2013இல் பிடிபட்டது அதே ஐரோப்பாவில்தான். பொதியில் எந்த நாட்டில் அறுத்ததென்று போட்டிருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.