1:24 அளவில் பிரைம் மூவரும் ட்ரெய்லரும்: எங்கிருந்து தொடங்குவது, எப்படி நிறம் பூசுவது?

கொழும்புத் துறைமுகத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே உங்கள் அப்பா ஓட்டிய நாற்பதடிக் கொள்கலன் வண்டியை 1:24 அளவில், அதாவது அசலின் இருபத்துநான்கில் ஒரு பங்காக, கட்ட விரும்புகிறீர்கள். பிரைம் மூவருக்கான, அதாவது ட்ரெய்லரை இழுக்கும் முன்வண்டிக்கான, கிட் (ஒட்டிக் கட்டும் பாகங்களின் தொகுப்பு) கையில் இருக்கிறது, ட்ரெய்லரை நீங்களே செய்ய வேண்டும், சோதனைக்கு அடித்துப் பார்த்த பெயின்ட் மழைநாளில் வெள்ளை பூத்துவிட்டது, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். இது விரும்பிச் செய்ய வேண்டிய வேலை என்பதால் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

பிரைம் மூவரையும் ட்ரெய்லரையும் ஒரே வண்டியாகக் கருதித் தொடங்குங்கள் என்பதே என் முதல் யோசனை. கேபினைப் பல மாதம் இழைத்து மெருகேற்றிவிட்டு, ட்ரெய்லரைப் பிறகு தனியாகச் செய்து மாட்டுபவர்களுக்கு, ட்ரெய்லரின் மூக்கு மேலே தூக்கி நிற்பதும், இரண்டின் நிறமும் ஒன்றோடொன்று ஒவ்வாமல் இருப்பதும் எல்லாம் முடிந்த பிறகே தெரியவரும். அந்த நிலையில் திருத்துவதற்கு வழி குறைவு.

உங்களிடம் அப்பாவின் வண்டியைப் பக்கவாட்டில் எடுத்த பழைய புகைப்படம் ஒன்று இருப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அளவு எடுப்பதற்கு அதுவே போதும், ஏனென்றால் கொள்கலன் வண்டியின் படத்துக்குள்ளேயே ஓர் அளவுகோல் இருக்கிறது. கொள்கலனின் எட்டு மூலைகளிலும் துளையிட்ட எஃகு வார்ப்புகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உலகம் முழுவதும் அவை ஒரே அளவுதான்: நீளம் 178 மில்லிமீற்றர், அகலம் 162, உயரம் 118. நாற்பதடிக் கொள்கலனின் நீளம் 12,192 மில்லிமீற்றர், அகலம் 2,438, வழக்கமான உயரம் 2,591. ஆகவே படத்தில் கொள்கலனின் நீளத்தை அளந்து, சக்கரங்களுக்கு இடையிலான தூரம், ட்ரெய்லரைத் தனியே நிறுத்தும்போது தாங்கும் ஊன்றுகால் நிற்கும் இடம், கேபினுக்கும் கொள்கலனுக்கும் நடுவிலுள்ள இடைவெளி ஆகியவற்றை விகிதத்தில் கணக்கிட்டுவிடலாம். படம் சற்றுச் சரிந்து எடுக்கப்பட்டிருந்தால், ஒரே தளத்தில் அருகருகே உள்ளவற்றை மட்டும் ஒப்பிடுங்கள். விடுபட்டவற்றுக்கு ஒருகொடவத்தை, பேலியகொடை பக்கத்து யார்ட் ஒன்றில் உரிமையாளரிடம் அனுமதி கேட்டு, நிறுத்தியிருக்கும் ட்ரெய்லரின் அடியில் குனிந்து பார்த்தால், எந்தப் படமும் காட்டாத பிரேக் குழாய்களும் காற்றுத் தாங்கிகளும் புலப்படும்.

1:24 அளவில் அந்தக் கொள்கலன் 508 மில்லிமீற்றர் நீளமும், 101.6 அகலமும், 108 உயரமும் கொண்டதாக அமையும். ஏ.எம்.டி. நிறுவனத்தின் அமெரிக்க லொறிக் கிட்டுகள் 1:25 என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த அளவுக்கு வந்த கொள்கலன் 488 மில்லிமீற்றரே இருக்கும் என்பதால், அதை உங்கள் கிட்டோடு சேர்த்தால் பார்த்த உடனேயே பொருத்தமின்மை தெரியும்.

இனி இரண்டையும் இணைக்கும் இடத்துக்கு வருவோம். கிட்டின் சேஸியைச் சக்கரங்களோடு தற்காலிகமாகப் பூட்டிக் கண்ணாடித் தட்டில் நிறுத்தி, ட்ரெய்லர் வந்து அமரும் வட்டத் தட்டின் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். அது 50 மில்லிமீற்றர் என்றால் அசலில் 1,200 மில்லிமீற்றர் என்று பொருள். ட்ரெய்லரின் முழு உயரமும் அந்த எண்ணிலிருந்துதான் பிறக்க வேண்டும். பின் சக்கரங்களின் அச்சை எவ்வளவு கீழே தொங்கவிடுவது என்பதையும் அதுவே தீர்மானிக்கும், ஏனெனில் கொள்கலனின் அடிவிளிம்பு தரைக்கு இணையாக ஓட வேண்டும். அசல் டயரின் விட்டம் ஏறத்தாழ 1.05 மீற்றர், உங்கள் அளவில் 44 மில்லிமீற்றர். ட்ரெய்லருக்கு வேறு கிட்டிலிருந்து டயர் எடுப்பதானால் இதைச் சரிபார்த்த பிறகே வாங்குங்கள். ட்ரெய்லரின் அடியிலிருந்து அந்த வட்டத் தட்டில் பூட்டும் இணைப்பு முளையின் விட்டம் அசலில் 2 அங்குலம். இங்கே 2 மில்லிமீற்றர் பித்தளைக் கம்பி ஒன்று அந்த வேலையைச் செய்யும்.

ட்ரெய்லர் சேஸிக்கு ஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக்கின் கீற்றுகளே சிறந்தவை. ஆனால் எவர்கிரீன் நிறுவனத்தின் வழக்கமான கீற்றுகள் 14 அங்குல நீளமே இருப்பதால், அரை மீற்றர் உத்திரத்தை ஒட்டுப்போட்டுத்தான் செய்ய முடியும். உத்திரத்தின் மேல் தகடு, நடுத் தகடு, கீழ்த் தகடு மூன்றின் ஒட்டுகளும் ஒரே இடத்தில் விழாதபடி தள்ளித் தள்ளி அமையுங்கள். உள்ளே ஒரு பித்தளைப் பட்டையை வைத்துவிட்டால், கொழும்பு வெயிலிலும் காலப்போக்கிலும் உத்திரம் தொய்யாது. விளம்பரப் பலகைக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் நுரைப் பலகை பீ.வீ.சீ. வகையைச் சேர்ந்தது. ஸ்டைரீனைக் கரைத்து ஒட்டும் பசை அதில் பிடிக்காது. கொள்கலனின் உள்கூட்டுக்கு அதைப் பயன்படுத்தலாம், சுமை தாங்கும் இடத்தில் வேண்டாம்.

கொள்கலனின் பக்கச்சுவரில்தான் உங்கள் பொறுமை முழுவதும் செலவாகும், செலவாவதும் தகும். பார்ப்பவர் கண் முதலில் போய் நிற்பது அந்த அலைத் தகட்டில்தான். வழக்கமான பக்கச்சுவரில் ஓர் அலையிலிருந்து அடுத்த அலைக்கு 278 மில்லிமீற்றர், ஆழம் 36. உங்கள் அளவில் அது 11.6 மில்லிமீற்றர் இடைவெளியும் 1.5 மில்லிமீற்றர் ஆழமுமாகும். 1.5 மில்லிமீற்றர் தடிப்பான தகட்டை 8.7 மில்லிமீற்றர் அகலக் கீற்றுகளாக வெட்டி, மேல்முகம் 3 மில்லிமீற்றர் எஞ்சும்வரை இரு விளிம்புகளையும் சாய்வாக இழைத்து, சமதளத் தகட்டின் மேல் ஒட்ட வேண்டும். ஒரு பக்கத்துக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட கீற்றுகள் தேவைப்படும். முப்பரிமாண அச்சில் எடுக்கவும் கொழும்பில் வசதி உண்டு. சுவரை மூன்று துண்டாக்கி எடுத்தால், அசலிலும் சுவர் பல தகடுகளை வெல்டிங் செய்து ஆனதுதான் என்பதால் ஒட்டுக்கோடு உறுத்தாது. ஆயினும் அச்சு அடுக்கடுக்காக விட்டுச்செல்லும் படிவரிகளை அலைகளின் பள்ளத்துக்குள் தேய்த்து அகற்றுவது, கீற்று ஒட்டுவதை விடக் கடினமானது என்பதால் நான் கீற்றுகளையே விரும்புகிறேன். முன்சுவரின் அலைகள் வேறு அளவிலானவை. பக்கச்சுவரிலிருந்து அவற்றை நகலெடுக்காதீர்கள்.

ஐரோப்பிய கிட்டுகளில் ஸ்டியரிங் பெரும்பாலும் இடப்பக்கம் வரும். டாஷ்போர்டை வெட்டி வலமிடமாக மாற்றி ஒட்டுங்கள், பெடல்களையும் மாற்றுங்கள், அசலைப் பார்த்து வைப்பர்களின் திசையையும் சரிசெய்யுங்கள்.

இப்போது நிறம். மழைநாளில் பெயின்ட் வெள்ளை பூத்ததற்குக் காரணம் பெயின்ட்டின் தரமல்ல. தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன் மேல் படிந்து பெயின்ட்டுக்குள் சிக்கிக்கொள்கிறது. எனவே மெதுவாக ஆவியாகும் தின்னரைக் கேட்டு வாங்குங்கள் அல்லது உலர்வதைத் தாமதப்படுத்தும் ரிட்டார்டர் சிறிது கலந்துகொள்ளுங்கள். கொழும்பில் காற்றின் ஈரப்பதம் விடியற்காலையிலும் இரவிலும் மிகுந்தும், நண்பகலை ஒட்டிக் குறைந்தும் இருக்கும். மழையற்ற நாளில் முற்பகல் பதினொரு மணிக்குப் பிறகு அடிப்பது நல்லது. ஏர்பிரஷுக்குக் காற்றைத் தரும் கொம்பிரசரின் குழாயில், ஈரத்தைப் பிடித்துவைக்கும் நீர்ப்பொறி கட்டாயம் இருக்க வேண்டும். ஏற்கெனவே வெளுத்துப்போன பகுதி லாக்கர் வகைப் பெயின்ட்டாக இருந்தால் அதைச் சுரண்டி எடுக்க வேண்டியதில்லை. வறண்ட நாளில் ரிட்டார்டர் கலந்த தின்னரை மட்டும் மெல்லிய பனிபோலத் தூவினால், மேற்பரப்பு இளகி, சிக்கிய ஈரம் வெளியேறி, நிறம் திரும்பிவிடும்.

பஞ்சிகாவத்தை வாகன பெயின்ட் கடைகளில் அப்பாவின் நிறுவன நிறத்தைக் கலந்து தருவார்கள். அந்தப் பெயின்ட்டையும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ் லாக்கருக்கான) தின்னரையும் வெறும் ஸ்டைரீனின் மேல் அடித்தால் பிளாஸ்டிக் அரிக்கப்பட்டு வெடிப்பு விடும். ஆகவே மாடலுக்கென்றே உள்ள பிரைமரை (அடிப்பூச்சை) மெல்லிய பூச்சுகளாக முதலில் இடுங்கள். சிவப்பு, மஞ்சள் நிறங்களுக்கு வெள்ளைப் பிரைமர் வேண்டும். கேபினுக்கும் ட்ரெய்லர் சேஸிக்கும் ஒரே பிரைமர், ஒரே கலவை, இயன்றால் ஒரே நாள். அடியிலுள்ள நிறம் மாறினால் மேலுள்ள நிறமும் மாறித் தெரியும். அசல் நிறத்தை அப்படியே பூசினால் சிறிய மாடலில் அது கறுத்துத் தோன்றும் என்பதால் சில துளி வெள்ளை சேர்ப்பது என் வழக்கம். ஏர்பிரஷுக்கு 0.3 மில்லிமீற்றர் முனை, 15 முதல் 20 பீ.எஸ்.ஐ. அழுத்தம், ஒரு சாண் தூரத்துக்கும் குறைவு. முதல் பூச்சு மூடாவிட்டாலும் பொறுத்திருங்கள். இரண்டு பொதிகளைக் கலந்து அடிக்கும் டூ-கே கிளியர் கண்ணாடி போலப் பளபளக்கும் என்பது உண்மை. ஆனால் அதன் ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலுக்குத் தீராத கேடு செய்யக்கூடியது, துணி முகக்கவசம் அதைத் தடுக்காது. வீட்டில், அதுவும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில், அதைத் தொடாதீர்கள். சாதாரண லாக்கர் கிளியரை 2000 எண் நீர்த்தாளால் தேய்த்து மெருகேற்றினால் ஒரு லொறிக்கு அதுவே நிறைவு.

கொள்கலனுக்கு நிறுவன நிறத்தைப் பூச வேண்டாம் என்று வேண்டிக் கேட்கிறேன். அது கப்பல் நிறுவனத்தின் அல்லது கொள்கலனை வாடகைக்கு விடும் நிறுவனத்தின் சொத்து. அப்பாவின் முதலாளிக்குச் சொந்தமானவை பிரைம் மூவரும் ட்ரெய்லர் சேஸியும்தான். கொள்கலனில் நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்ட அடையாள எண் இருக்கும், நான்காவது எழுத்து எப்போதும் ஆங்கில ‘யூ’.

கேபினின் நெற்றியில் ‘முருகன் துணை’ என்று எழுத வேண்டும் என்கிறீர்கள். லேசர் அச்சில் வெள்ளை நிறம் வராது. ஆதலால் ஸ்டிக்கர் கடையில் அந்த எழுத்துகளை வெட்டுவித்து, அதை மறைப்பாக ஒட்டி வெள்ளையைத் தூவுங்கள். ‘மு’, ‘ணை’ ஆகியவற்றின் சுழிகளுக்குள் இருக்கும் சிறு துண்டுகளை ஊசிமுனையால் ஒவ்வொன்றாக இடம் பார்த்து வைக்க வேண்டியிருக்கும். இலக்கத் தகடு முன்னே வெள்ளை, பின்னே மஞ்சள்.

அழுக்கேற்றும்போது வண்டி ஓடிய பாதையை நினையுங்கள். ஏ9 வீதியில் வன்னியின் செம்மண் சக்கர வளைவுகளிலும் ட்ரெய்லரின் பின்புறத்திலும் மெல்லியதாகப் படியும், புகைக்கரி புகைக்குழாயை ஒட்டி மட்டுமே இருக்கும். முறிகண்டியில் நிறுத்தித் தேங்காய் உடைத்துப் புறப்படும் ஓட்டுநரின் வண்டியில் முன் கிரில்லில் சந்தனமும் குங்குமமும் இருந்தே தீரும். அப்பாவிடம் கேட்டு, அவர் எந்த இடத்தில் வைத்தாரோ அந்த இடத்திலேயே வையுங்கள்.

கடைசியாகக் காற்றுக் குழாய்கள். மெல்லிய ஈயக் கம்பியைத் தையல் ஊசியில் நெருக்கமாகச் சுற்றி உருவி எடுத்தால் சுருள் குழாய் கிடைக்கும். ஐரோப்பிய வண்டிகளில் காற்று வழங்கும் குழாய் சிவப்பு, பிரேக்கை இயக்கும் குழாய் மஞ்சள், மின்வடம் கறுப்பு. கேபின் முழுதாகத் திரும்பினாலும் இழுபடாத நீளம் விட்டு, ட்ரெய்லர் பக்கத்து முனையை ஒட்டாமல் துளையில் செருகி மட்டும் வையுங்கள். அப்போதுதான் இரண்டையும் கழற்றித் தனித்தனிப் பெட்டியில் எடுத்துச்செல்ல முடியும்.