வைக்கோலில் தைத்த தேன்கூடு

கேள்வி: பழைய ஐரோப்பிய ஓவியங்களில் கவிழ்த்த கூடை போன்ற தேன்கூடுகளைக் காண்கிறேன். அவற்றை எப்படி முடைந்தார்கள்? பிறகு ஏன் கைவிட்டார்கள்?

பதில்: முடைந்தார்கள் என்பதைவிடத் தைத்தார்கள் என்பதே பொருந்தும். கோதுமை அல்லது ரை தானியத்தின் நசுங்காத நீண்ட தாள்களை ஈரமாக்கி, மாட்டுக் கொம்பை அறுத்துச் செய்த வளையத்தின் வழியே இழுத்துப் பிரியாக்குவார்கள். தாள் தீரத் தீரப் புதிய தாளை வளையத்துக்குள் செருகிக்கொண்டே போவதால், பிரியின் பருமன் கடைசி வரை மாறாது. அதை உச்சியிலிருந்து சுருளாகச் சுற்றிவந்து, முள் நீக்கிப் பிளந்த கொடித் தண்டினால் ஒவ்வொரு சுற்றையும் முந்தைய சுற்றோடு இறுக்கித் தைப்பார்கள். கொடி நுழைய வழிதிறக்கும் ஊசி, கூராகச் சீவிய வாத்தின் காலெலும்பு! தானியக் கூடைகளையும் ரொட்டி மாவு பொங்க வைக்கும் கூடைகளையும் இதே முறையில்தான் தைத்தார்கள்.

வெப்பம் காப்பதில் வைக்கோல் சிறந்தது. வெளிப்புறத்தில் சாணம் பூசி மழையைச் சமாளித்தார்கள். பிரிட்டனில் கூடுகளை வைப்பதற்கென்றே கல்சுவர்களில் மாடங்கள் கட்டினார்கள். குறை உள்ளே இருந்தது. தேனீக்கள் அடைகளைக் கூரையோடும் சுவரோடும் ஒட்டிக் கட்டிவிடுவதால், அறுக்காமல் ஓர் அடையையும் வெளியே எடுக்க இயலாது. ஆகவே இலையுதிர் காலத்தில், தேன் மிகுந்த கனமான கூடுகளையும் குளிர்காலத்தைத் தாங்காத இலேசான கூடுகளையும் தேர்ந்து, கந்தகப் புகையிட்டுத் தேனீக்களைக் கொல்வது பரவலான வழக்கமாக இருந்தது. ஆண்டு முழுவதும் உழைத்த உயிர்களுக்கு அந்த முடிவு நேர்ந்ததை எண்ணினால் மனம் கனக்கிறது. ஆனால், எல்லாரும் அப்படிச் செய்தார்கள் என்பது நியாயமன்று. கூட்டைத் தலைகீழாக்கி, மேலே வெற்றுக்கூடையைப் பொருத்தி, பக்கங்களைச் சீராகத் தட்டித் தேனீக்களை மேலேறச் செய்தவர்களும் இருந்தார்கள்.

1851இல் அமெரிக்கரான லாங்ஸ்ட்ராத், ஏறத்தாழ 6 முதல் 9 மி.மீ. வரையிலான இடைவெளியைத் தேனீக்கள் அடைக்காமல் விட்டுவிடுகின்றன என்பதை உணர்ந்து, அதைக் கொண்டு, அடைகளைத் தாங்கும் மரச்சட்டங்களைத் தூக்கி எடுக்கக்கூடிய பெட்டியை வடிவமைத்தார். நோய் உள்ளதா என்று ஒவ்வோர் அடையையும் எடுத்துப் பார்க்க வழி பிறந்ததும், வைக்கோல் கூடு பின்தங்கிவிட்டது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் தேன்கூடுகளில் எடுக்கத்தக்க மரச்சட்டங்கள் இருக்க வேண்டும் என்பது சட்டமாகவே ஆனது.

எனினும் வைக்கோல் கூடு முற்றிலும் மறையவில்லை. கிளையில் திரண்டு தொங்கும் தேனீக் கூட்டத்தைப் பிடிக்க இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள். கூட்டத்தை அதனுள் உதிர்த்து, ஒரு விளிம்பை மட்டும் கல்லால் உயர்த்திக் கவிழ்த்து வைத்தால், வெளியே சிதறிய தேனீக்களும் அந்த இடுக்கு வழியே வரிசையாக உள்ளே நடந்து, சொரசொரப்பான வைக்கோலைப் பற்றிக்கொண்டு இருளுக்குள் ஏறிவிடும்.