போனைப் பிடுங்கினால் தட்டை வீசுகிறான்… மாத்திரை உண்டா டாக்டர்?

கேள்வி: என் மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். பத்தாவது வரை உள்ளூர் பள்ளியில் தமிழ் மீடியம், நல்ல மார்க். இப்போது டவுனில் இங்கிலீஷ் மீடியம், கம்ப்யூட்டர் குரூப். பத்தாவதிலும் போனில் விளையாடுவான், கூப்பிட்டால் எழுந்து வந்துவிடுவான். ஜூலையிலிருந்து ராத்திரி 2 மணி வரை ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டு. காலாண்டில் இரண்டு பாடம் ஃபெயில். அப்பாவின் ஜிபேயில் 8,000 ரூபாய் எடுத்திருக்கிறான். போனைப் பிடுங்கினால் சாப்பாட்டுத் தட்டை வீசுகிறான். ஹாஸ்டலில் சேர்க்கச் சொல்கிறார்கள் உறவினர்கள். இதற்கு மாத்திரை உண்டா? – பெயர் வேண்டாம், திருமங்கலம்.

பதில்: இந்தப் பழக்கத்துக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை இல்லை. மனச்சோர்வு, பதற்றம், ஏ.டி.எச்.டி. (கவனச்சிதறலும் மிகைத் துடிப்பும் உள்ள கோளாறு) போன்றவை கூடவே இருந்தால் அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. அவை சரியாகும்போது விளையாட்டும் பல பிள்ளைகளுக்குக் குறையும்.

‘கூப்பிட்டால் எழுந்து வந்துவிடுவான்’ என்று எழுதியிருக்கிறீர்கள். மருத்துவர் முதலில் கேட்பதும் அதைத்தான். 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் வீடியோ கேம் கோளாறும் இருக்கிறது. எத்தனை மணி நேரம் என்ற கணக்கு அதில் கிடையாது. நிறுத்த முடியாமல் போவது, மற்ற எல்லாவற்றையும் விளையாட்டு ஓரங்கட்டுவது, கெடுதல் நடந்தும் தொடர்வது என மூன்றையும் பார்க்கிறார்கள். பொதுவாக 12 மாதம் நீடித்திருக்க வேண்டும். பாதிப்பு கடுமை என்றால் முன்னதாகவே முடிவு செய்யலாம். உங்கள் மகனிடம் மூன்றின் சாயலும் தெரிகிறது. கோளாறுதானா என்பதை நேரில் பார்த்தவர்தான் சொல்ல முடியும்.

எனக்கு வேறொரு சந்தேகம். ஜூனில் பள்ளி மாறியிருக்கிறது, ஜூலையில் விளையாட்டு கட்டுமீறியிருக்கிறது. திசைவேகம், முடுக்கம் என்று படித்த பையன் முன்னால் வெலாசிட்டி, ஆக்சலரேஷன் என்று பாடம் ஓடுகிறது. பழைய நண்பர்களும் அங்கே இல்லை. புரியவில்லை என்று கையைத் தூக்கக் கூச்சம். அதே பையன் ராத்திரி போனை எடுத்தால் ஆட்டத்தில் ஹீரோயிக் என்ற உயர்ந்த ரேங்க். ‘நீ வாடா’ என்று கூப்பிட ஸ்குவாடில், அதாவது அவன் அணியில், மூன்று பேர். அவன் எங்கே போய் உட்காருவான்? ஆகவே ஃபெயிலானது விளையாட்டினாலா, பாடம் புரியாததால் விளையாட்டுக்குள் போனானா என்று தெரிந்துகொள்ளுங்கள். வகுப்பாசிரியரைப் பாருங்கள். தேவைப்பட்டால் இயற்பியலுக்கும் கணக்குக்கும் தமிழில் விளக்கிச் சொல்லும் ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். என் கணிப்பில், ஹாஸ்டல் செலவைவிட இதற்குப் பலன் அதிகம். புது இடம் பிடிபடாமல் தவிப்பவனை இன்னொரு புது இடத்துக்கு இப்போது அனுப்ப வேண்டாம்.

தட்டு பறந்ததைப் பற்றி. ஃப்ரீ ஃபயரில் ஒரு ஆட்டம் ஏறத்தாழ 10 நிமிடம். நடுவில் பிடுங்கினால் ஸ்குவாடை விட்டு ஓடியவன் ஆகிவிடுவான், புள்ளியும் இறங்கும். வீசியது சரி என்று சொல்லவில்லை. ஆனால் ‘இந்த மேட்சோடு வை’ என்று சொல்லிப் பக்கத்திலேயே நில்லுங்கள். முடிந்தவுடன் அடுத்ததை ஆரம்பிக்கத் தோன்றும்படிதான் அந்த ஆட்டத்தை அமைத்திருக்கிறார்கள். அந்த இடைவெளியில்தான் போனைக் கேட்டு வாங்க வேண்டும்.

ஒரேயடியாக நிறுத்தச் சொல்லாதீர்கள். முதலில் தூக்கத்தைச் சரிசெய்யுங்கள். இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் தேவை. 2 மணிக்குப் படுத்து 6 மணிக்கு எழுபவனுக்கு இங்கிலீஷ் மீடியம் என்ன, தமிழ் மீடியமே தலையில் ஏறாது. 10 மணிக்கு வீட்டில் எல்லார் போனும் ஹாலில் ஒரே இடத்தில் சார்ஜில் இருக்கட்டும். அப்பா படுக்கையில் ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருந்தால் இது ஒரு நாள்கூட நடக்காது.

8,000 ரூபாய் எங்கே போனது என்று ஜிபேயில் பாருங்கள். டைமண்ட் (ஆட்டத்துக்குள் செலவழிக்கும் காசு), துப்பாக்கி ஸ்கின் (துப்பாக்கிக்கான அலங்காரம்) என்றால் யுபிஐ பின்னை மாற்றுங்கள், பிளே ஸ்டோரில் வாங்குவதற்குப் பாஸ்வேர்ட் போடுங்கள். பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் செயலி என்றால் அது சூதாட்டம், 2025-இல் வந்த மத்தியச் சட்டப்படி தடைசெய்யப்பட்டது. மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சிகிச்சையின் போக்கே மாறும்.

மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. பேச்சுவழிச் சிகிச்சைதான் பிரதானம், பெற்றோரும் உட்கார வேண்டியிருக்கும். கிளம்புவதற்கு முன்பே 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இலவசமாகத் தமிழில் பேசலாம். சாவதைப் பற்றிப் பேசினாலோ, தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ, போனைத் தராவிட்டால் செத்துவிடுவேன் என்று மிரட்டினாலோ தனியாக விடாதீர்கள். நாள் பார்க்காமல் அன்றைக்கே அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். ‘சும்மா பயமுறுத்துகிறான்’ என்று நீங்களே தீர்ப்பு சொல்லிவிட வேண்டாம்.

கண் டெஸ்ட் என்று பொய் சொல்லி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போகிறவர்கள் உண்டு. அடுத்த முறை பிள்ளை வரவே மாட்டான். தூக்கம் கெட்டிருக்கிறது, படிப்பு சிரமமாக இருக்கிறது, அதற்காகப் போகிறோம் என்று உள்ளதைச் சொல்லுங்கள். உள்ளே போனதும் 8,000 ரூபாய் கதையை நீங்கள் ஆரம்பிக்காதீர்கள். முதல் அரை மணி நேரம் மருத்துவரும் அவனும் தனியாகப் பேசட்டும். நீங்களும் அப்பாவும் வெளியே உட்காருங்கள்.