வாடகை வீட்டில் கூடுதல் குடியிருப்பு கட்டுவதா, வேறொரு வீடு வாங்குவதா?

கேள்வி: வாடகைக்கு விட்டிருக்கும் என் தனி வீட்டின் பின்புறம் காலியிடம் இருக்கிறது, மாடியும் எழுப்பலாம் என்கிறார்கள். சேமிப்போடு ஓரளவு கடனும் வாங்கி அங்கே இரண்டு சிறு குடியிருப்புகளைக் கட்டுவதா, அல்லது அதே பணத்தை முன்பணமாகக் கொடுத்து இன்னொரு வீட்டை வாங்கி வாடகைக்கு விடுவதா?

பதில்: நிலத்துக்கு நீங்கள் மறுபடியும் பணம் கொடுக்க வேண்டியதில்லை என்பதால், கட்டுவதே லாபம் என்று முதல் பார்வையில் தோன்றும். பல நேரங்களில் அது உண்மையும்கூட. ஆனால் புதிய குடியிருப்புக்கு வரும் வாடகையை அப்படியே வருமானமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. புதிதாகப் போடும் பணத்துக்கு, எல்லாக் கழிவுகளும் போக, புதிதாக எவ்வளவு மிஞ்சுகிறது என்பதையே பார்க்க வேண்டும்.

கட்டுமானச் செலவை 100 என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு வாடகை 12 கிடைக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள். ஆள் மாறும்போது ஆண்டுக்கு ஒரு மாதம் வீடு காலியாக இருந்தால் அது 11 ஆகிவிடும். பராமரிப்பு, சொத்து வரி, காப்பீடு, பழுதுபார்ப்பு ஆகியவற்றுக்கு 2.5 போனால் மிஞ்சுவது 8.5. பெரும்பாலோர் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். பின்புற முற்றமும் வண்டி நிறுத்தும் இடமும் போய்விட்ட பழைய வீட்டுக்கு முன்பு கொடுத்த வாடகையை யாரும் கொடுக்க மாட்டார்கள்; அந்த இழப்பு 1.5 என்றால் கையில் நிற்பது 7 மட்டுமே. செலவு 15 விழுக்காடு கூடிவிட்டால் (கட்டுமானத்தில் இது அரிதன்று) உண்மையான வருவாய் 6 விழுக்காட்டை ஒட்டி இறங்கிவிடும். கடனுக்கான வட்டி இதைவிட அதிகமாக இருந்தால், கடன் வாங்கிக் கட்டும் ஒவ்வொரு பகுதிக்கும் நீங்கள் கைப்பணம் போட்டுக்கொண்டிருப்பீர்கள். வாடகை வருவதற்குப் பல மாதங்கள் முன்பே வட்டி ஓடத் தொடங்கிவிடும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சிறு குடியிருப்புகளில் சதுர அடிக்குக் கிடைக்கும் வாடகை பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். அதே நேரத்தில், வீடு எவ்வளவு சிறியதானாலும் ஒரு சமையலறையும் ஒரு குளியலறையும் வேண்டும் என்பதால் சதுர அடிக்கு ஆகும் செலவும் கூடும். குடியிருப்போரும் அடிக்கடி மாறுவார்கள்.

அடுத்தது அனுமதி. மனையைச் சுற்றி விட வேண்டிய இடைவெளி, கட்டக்கூடிய மொத்தத் தளப்பரப்பு, ஒரே மனையில் எத்தனை குடியிருப்புகள் இருக்கலாம் என்ற வரம்பு ஆகியவற்றை வரைபடம் போடுவதற்கு முன்பே உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்து மூலம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அனுமதியின்றிக் கட்டிய பகுதியின் வாடகையைக் கடன் தருவோர் வருமானமாக ஏற்கத் தயங்குவார்கள். தீ விபத்து நேர்ந்தால் காப்பீட்டுத் தொகை மறுக்கப்படலாம். விற்கும்போது வாங்குபவரின் வழக்கறிஞர் அதையே காட்டி விலையைக் குறைப்பார். இந்த ஒரு விஷயத்தில் எந்தச் சமரசத்துக்கும் இடம் கொடுக்க வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்வேன்.

மாடி எழுப்புவதானால், பழைய வரைபடத்தை மட்டும் நம்பாமல், ஓரிரு இடங்களில் தோண்டி அடித்தளத்தின் ஆழத்தையும் அகலத்தையும் அளந்து பார்த்த பிறகே கட்டமைப்புப் பொறியாளர் ஒப்புதல் தர வேண்டும். பின்புறத்தில் கட்டுவதானால் கழிவுநீர்ப் போக்கை முதலில் பாருங்கள். வழக்கமான கழிவுநீர்க் குழாய்க்கு ஏறத்தாழ 40 அடிக்கு ஓரடி சரிவு வைப்பார்கள். தெருச் சாக்கடை 60 அடி தள்ளி இருந்தால் ஒன்றரை அடி இறக்கம் தேவைப்படும். மனையின் பின்பகுதி தாழ்வாக இருந்தால் அந்த இறக்கம் கிடைக்காது. பிறகு காலமெல்லாம் மோட்டார் வைத்துத்தான் கழிவுநீரை ஏற்ற வேண்டியிருக்கும். தனி வாசல், வெளிப்புறப் படிக்கட்டு, தனி மின் மீட்டர் ஆகியவற்றுக்குச் செலவழிப்பதில் தயக்கம் வேண்டாம். வாடகைதாரர்களுக்குள் எழும் பூசல்களில் பெரும்பகுதி பொதுவான மின் கட்டணத்திலிருந்தும் மாடியில் நடக்கும் சத்தத்திலிருந்துமே பிறக்கிறது.

இன்னொரு வீடு வாங்குவதில் ஓர் அனுகூலம் உண்டு: அவசரத்துக்கு அதை மட்டும் தனியாக விற்கலாம். ஒரே மனையில் கட்டிய குடியிருப்பைப் பல இடங்களில் அப்படிப் பிரித்து விற்க இயலாது. எனவே அடுத்த சில ஆண்டுகளுக்குள் பெருந்தொகை தேவைப்படும் நிலை உங்களுக்கு இருந்தால், வருவாய் சற்றுக் குறைந்தாலும் வாங்குவதே பாதுகாப்பு. அப்படி இல்லையென்றால், இரண்டையும் ஒரே மூச்சில் கட்டாமல், கடன் குறைவாகத் தேவைப்படும் ஒன்றை மட்டும் முதலில் கட்டுங்கள். இரண்டாவதற்கான நீர், மின், கழிவுநீர் இணைப்புகளுக்கு இப்போதே வழி விட்டு வையுங்கள். முதலாவது ஓராண்டு வாடகை ஈட்டிய பிறகு, உண்மையான எண்களைக் கொண்டு அடுத்ததை முடிவு செய்யலாம்.

இப்போது குடியிருப்பவரின் ஒப்பந்தத்தையும் எடுத்துப் பாருங்கள். முற்றம் அவர் பயன்பாட்டுக்கு என்று அதில் எழுதியிருந்தால், அவரது எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் அங்கே வேலையைத் தொடங்கக் கூடாது. கட்டுமானம் நடக்கும் மாதங்களுக்கு வாடகையைக் குறைத்துக்கொள்ள முன்வந்தால் அந்தச் சம்மதம் எளிதில் கிடைக்கும், அந்தத் தள்ளுபடியையும் கட்டுமானச் செலவிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.