மாயாவியைத் தெரியும், பிளாஸ்கோவைத் தெரியுமா?

மறைந்த காமிக்ஸ் ஓவியர்களைப் பற்றி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளில், எனக்குத் தெரிந்தவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். விட்டுப்போனவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நாகப்பட்டினம்: இரும்புக்கை மாயாவியை வரைந்தவர் இன்னும் இருக்கிறாரா சார்?

இல்லை. ஹெசூஸ் பிளாஸ்கோ, பார்சிலோனாக்காரர். 1995 அக்டோபரிலேயே காலமாகிவிட்டார். இவ்வளவு வருடம் கழித்து இதைக் கேட்கிறீர்களே என்று உங்களைக் குறை சொல்ல மாட்டேன். மாயாவி 1962-ல் இங்கிலாந்தின் வேலியண்ட் வார இதழில் தொடங்கியவன். அந்த இதழிலேயே ஓவியர் பெயர் போடும் வழக்கம் கிடையாது. 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாக அவன் நம்மிடம் வந்தபோது பெயர் எங்கிருந்து கூட வரும்? மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து கை மட்டும் தெரியும் என்பது டெல்டா முழுக்கப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். ஆனால் வரைந்தவர் இறந்த அன்று இங்கே ஒரு டீக்கடையிலும் அது பேச்சாகவில்லை.

கையில் மாயாவி இருந்தால் ஒன்று செய்து பாருங்கள். வசனத்தை விட்டுவிட்டு, காற்றில் நிற்கும் அந்தக் கையை மட்டும் பாருங்கள். முகம் இல்லை, தோள் இல்லை. விரல் மடங்கியிருக்கும் விதத்தை வைத்தே ஆள் தயங்குகிறானா, பாயப் போகிறானா என்று சொல்லிவிடலாம். கதாநாயகனையே மறைத்துவிட்டு அவனை நடிக்கவைப்பது லேசுப்பட்ட காரியமா?

மயிலாடுதுறை: கேப்டன் டைகரை வரைந்த ஜிரோ வேறு, மோபியஸ் வேறு என்கிறான் என் மைத்துனன். பந்தயம் கட்டியிருக்கிறோம்.

மைத்துனரிடம் பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே ஆள்தான். ழான் ஜிரோ, டைகர் என்ற அந்தப் பிரெஞ்சு கௌபாய் தொடரில் 'ஜிர்' என்று கையெழுத்துப் போட்டார், விஞ்ஞானக் கற்பனைக்கு மோபியஸ் ஆனார். 2012 மார்ச் 10-ல் மறைந்தார். டைகரை எழுதிய ஷார்லியே 1989-ல் ஒரு கதையைப் பாதியில் விட்டுவிட்டுப் போனார். ஜிரோ தானே எழுதி அதை முடித்தார், அதற்குப் பிறகு வந்த கதைகளையும் அவரே எழுதி வரைந்தார்.

சீர்காழி: பழைய முத்து காமிக்ஸ் இருக்கிறது. என்ன விலைக்குப் போகும்?

தெரியாது.

பட்டுக்கோட்டை: அண்ணே, 2018 கஜா புயலில் என் இரத்தப் படலம் புத்தகங்கள் நனைந்துவிட்டன. வரைந்தவரும் அதே வருஷம் போய்விட்டார், அதனால் தூக்கிப்போட மனசு வரவில்லை.

ஆமாம் தம்பி, இரத்தப் படலம் என்று நாம் படிக்கும் XIII தொடரை வரைந்த வில்லியம் வான்ஸ் அந்த மே மாதம் போனார், புயல் நவம்பரில். தூக்கிப்போடாதீர்கள். ஒட்டிப்போன பக்கங்களை இழுத்துப் பிரிக்கவும் வேண்டாம். அடுத்த முறை நனைந்தால் வெயிலில் போடாமல், பக்கங்களுக்கு நடுவே வெள்ளைத்தாள் வைத்து ஃபேன் காற்றில் உலர விடுங்கள். முக்கியமாக, கிழிந்த இடத்தில் செலோ டேப் ஒட்டாதீர்கள். நாலைந்து வருடத்தில் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும். அப்புறம் டேப்பை உரித்தால் படமும் சேர்ந்தே வரும்.

திருத்துறைப்பூண்டி: ஸ்பைடர்மேனை வரைந்த ஸ்டான் லீக்கு நம் பக்கம் அஞ்சலி ஏன் நடக்கவில்லை?

அவர் எழுத்தாளர். வரைந்தவர் ஸ்டீவ் டிட்கோ. இருவரும் 2018-ல்தான் மறைந்தார்கள். ஒருவருக்கு உலகமே அழுதது, இன்னொருவர் பெயரை நீங்கள் இப்போதுதான் கேட்கிறீர்கள்.

மன்னார்குடி: ஓவியர் இறந்தால் தொடரையும் அதோடு நிறுத்த வேண்டும். வேறு ஆள் வரைந்த லக்கி லூக்கை என்னால் தொடவே முடியவில்லை.

லக்கி லூக்கை உருவாக்கிய மோரிஸ் 2001-ல் போனபின் ஆஷ்டே வரைகிறார். எனக்குப் பிடிக்கிறது. உங்களுக்குப் பிடிக்காவிட்டால் பழையதைப் படியுங்கள், யார் தடுத்தார்கள்? ஆனால் நிறுத்தியே ஆக வேண்டும் என்பதை ஏற்க மாட்டேன். மாடஸ்டி என்ற இங்கிலாந்து நாளிதழ்ப் படக்கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஜிம் ஹோல்டவே 1970-ல், ஒரு கதை பாதியில் ஓடிக்கொண்டிருக்கும்போதே இறந்தார். வயது நாற்பத்துச் சொச்சம். மீதியை ஸ்பெயினின் ரொமேரோ பிடித்துக்கொண்டார். நடுவில் சில வருட இடைவெளி போக, 2001 வரை அவர் கைதான். அன்றே நிறுத்தியிருந்தால் ரொமேரோவின் மாடஸ்டி ஏது? 2024 பிப்ரவரியில் அவர் போனபோது நீங்களும்தானே வருந்தினீர்கள்?

திருவையாறு: மன்னார்குடிக்காரர் சொல்வதுதான் சரி. டெக்ஸைப் பாருங்கள், ஆளாளுக்கு ஒரு மூக்கு வரைகிறார்கள்.

டெக்ஸ் என்ற அந்த இத்தாலிய கௌபாய் நாயகனைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள். 1948-ல் அவனை வரைந்து தந்த கலெப்பினி உயிரோடு இருந்தபோதே மற்றவர்களும் வரைந்தார்கள். மாதாமாதம் அத்தனை பக்கம் ஒரே ஆளால் முடியாது. ஆனால் முதல் 400 அட்டைகளை அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. அது முடிந்த கையோடு, 1994-ல் போய்விட்டார்.

மன்னார்குடி, மறுபடியும்: ஹெர்ஜே தனக்குப் பிறகு டின்டின் வேண்டாம் என்றார், 1983-ல் அவரோடு அது நின்றது. மற்றவர்களை யாராவது கேட்டார்களா?

இது நியாயமான கேள்வி. சொல்லிவிட்டுப் போனவர் சொல்லுக்குக் கட்டுப்பட வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. சொல்லாமல் போனவர்கள் விஷயத்தில்தான் நீங்களும் நானும் மோதுகிறோம். இன்னொரு உதாரணம் தருகிறேன். இரத்தப் படலத்தின் 18-ஆம் பாகத்தை வரைந்தது ஜிரோ, 19-ஆம் பாகத்தை வரைந்தது வான்ஸ். இரண்டும் 2007 நவம்பரில் சேர்ந்தே வெளிவந்தன. வான்ஸ் இருக்கும்போதே இன்னொரு மேதை அவர் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தார், யாருக்கும் குறைந்துபோகவில்லை. பிறகு பார்க்கின்சன் நோயால் வான்ஸ் ஒதுங்கினார், 2011-ல் ஜிகுனோவ் வரைய வந்தார். தொடரட்டும். போனவர் பெயர், வந்தவர் பெயர் இரண்டையும் அட்டையில் போடுங்கள். என் கோரிக்கை அவ்வளவுதான். இதற்கு மேல் பேச வேண்டுமானால், ஒரே கட்சிக்காரர்களான நீங்களும் திருவையாற்றுக்காரரும் நேரில் பேசிக்கொள்ளுங்கள். மன்னார்குடிக்கும் திருவையாற்றுக்கும் நடுவே தஞ்சாவூர் இருக்கிறது, காபி நன்றாக இருக்கும்.

கும்பகோணம்: ஓவியர் இளையராஜாவைப் பற்றி எழுதுங்களேன்.

2021-ல் கொரோனா கொண்டுபோனது, இன்னும் ஆறவில்லை. ஆனால் அவர் தைல வண்ண ஓவியர், காமிக்ஸ் அல்ல. உங்கள் ஊர்க் கவின்கலைக் கல்லூரியில் படித்தவர், அங்கேயே கேளுங்கள்.

தஞ்சாவூர்: எல்லாரும் வெளிநாட்டுக்காரர்கள். நம் மண்ணில் அழுவதற்கு ஆள் இல்லையா?

கோபுலு இருக்கிறாரே ஐயா! 1924-ல் உங்கள் தஞ்சாவூரில் பிறந்து, கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்தவர். துப்பறியும் சாம்புவைப் படக்கதையாக விகடனில் வரைந்தவர். தில்லானா மோகனாம்பாள் தொடருக்கும் அவர்தான். வசனமே இல்லாத அவருடைய சிரிப்புப் படங்களைத் தேடிப் பாருங்கள். கல்யாணக் கூட்டம் என்றால் மூலையில் நிற்கும் சமையல்காரருக்கும் ஒரு தொந்தி, ஒரு கவலை தனியாக இருக்கும். பக்கவாதம் வந்து வலக்கை போனபோது இடக்கையால் வரையப் பழகினார். 2015 ஏப்ரலில் மறைந்தார். அம்புலிமாமாவில் வேதாளத்தைத் தோளில் தூக்கிவரும் விக்கிரமாதித்தனை வரைந்த சங்கர் 2020 செப்டம்பரில் போனார். தொண்ணூறைத் தாண்டியவர். இருவருக்கும் பெயர் இருந்தது, முகம் இருந்தது. அதனால்தான் அவர்களுக்கு நாம் அன்றைக்கே அழ முடிந்தது.

வேதாரண்யம்: டிராகன் பால் வரைந்தவர்?

அகிரா தொரியாமா, 2024 மார்ச் 1. மாங்கா என்கிற ஜப்பானிய காமிக்ஸ் எனக்குப் பழக்கமில்லை தம்பி, வீட்டுப் பிள்ளைகளிடம் கேளுங்கள்.

திருவாரூர்: ஓவியர் இறந்தால் அவர் புத்தகத்தின் விலை ஏறுமா?

மறுபடியும் விலையா? செய்தி வந்த வாரம் சிலர் ஏற்றத்தான் செய்வார்கள். அந்த வாரம் வாங்காதீர்கள். செய்தி உண்மைதானா என்றும் முதலில் பாருங்கள். உயிரோடு இருப்பவருக்கு வாட்ஸ்அப்பில் மாலை போடும் கூட்டம் பெரிது.

நீடாமங்கலம்: பழைய காமிக்ஸ் விலைப்பட்டியல் கிடைக்குமா? கிழிசலை டேப் போட்டு ஒட்டிவிட்டேன்.

ஐயோ.

திருவாரூர், இன்னொருவர்: மாயாவி ஓவியருக்கு நண்பர்கள் சேர்ந்து அஞ்சலி வைக்கலாம் என்றிருக்கிறோம். என்ன செய்யலாம்?

பேனரில் மாயாவி படத்தைப் பெரிதாகவும் பிளாஸ்கோ பெயரைச் சின்னதாகவும் போடாதீர்கள், அதுதான் முதல் வேலை. பேச்சாளர்களைக் குறையுங்கள். ஒரு கதையை எடுத்துப் பத்துப் பக்கத்தைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டி, வந்தவர்கள் நின்று பார்க்கட்டும். வரைய ஆசைப்படும் பள்ளிப் பிள்ளைகள் நாலு பேரைக் கூப்பிட்டு அதில் ஒரு கட்டத்தைப் பார்த்து வரையச் சொல்லுங்கள். தேதி முடிவானதும் தெரிவியுங்கள், கும்பகோணம் பஸ் பிடித்து நானும் வருகிறேன்.